டூர் புரோகிராமில் இல்லாத ஊர்

வேலை விஷயமாக ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களிடம் அந்த ஊர்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பஸ் ஸ்டாண்டில் இருந்து லாட்ஜுக்கு ஆட்டோக்காரர் எவ்வளவு கேட்பார், எந்த லாட்ஜில் கொசு அதிகம், ராத்திரி பத்தரைக்கு மேல் எந்தக் கடையில் புரோட்டா கிடைக்கும் என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். பிறகு, "அதுக்கெல்லாம் நேரம் எங்க?" என்பார்கள்.

நேரம் உண்மையிலேயே இல்லையா, அல்லது இருக்கிற நேரம் கண்ணுக்குப் படவில்லையா? மதுரையில் இருந்து மாதம் மூன்று நாள் திருநெல்வேலிக்குப் போய்வரும் ஒரு மெடிக்கல் ரெப்பின் கதையை வைத்து இதைப் பார்க்கலாம். பெயர் வேண்டாம். மருந்துக் கம்பெனியின் பெயரும் வேண்டாம். எல்லாக் கம்பெனியிலும் இதே கதைதான்.

மெடிக்கல் ரெப் என்றால் தெரியுமல்லவா? நாம் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது, கழுத்தில் டை, கையில் கனமான பையோடு சுவரோரம் நிற்பாரே, அவர்தான். மாத ஆரம்பத்திலேயே டூர் புரோகிராம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த எந்த டாக்டர் என்று எல்லாம் அதில் இருக்கும். சாயங்காலம் அன்றைய ரிப்போர்ட் போட வேண்டும். முன்பு அது காகிதத்தில் இருந்தது. இப்போது மொபைல் ஆப்பில். டாக்டர் வீட்டு வாசலில் நின்றால்தான் பதிவே ஆகும் என்கிற அளவுக்கு சில கம்பெனிகளில் வந்துவிட்டது.

இவருடைய நெல்லை நாள் இப்படிப் போகும். காலை பத்தரையில் இருந்து இரண்டு மணி வரை டாக்டர்கள். மதியம் சாப்பாடு, ஸ்டாக்கிஸ்ட் கடையில் சரக்குக் கணக்கு. மறுபடி சாயங்காலம் ஆறரையில் தொடங்கி, கடைசி நோயாளியும் போன பிறகு டாக்டர் கூப்பிடும் வரை காத்திருப்பு. சில நாள் ராத்திரி பத்தரை ஆகிவிடும். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணி ஓடுகிறது. அதன் மேல் 1843-ல் திறக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலம் இருக்கிறது. ஜங்ஷன் பக்கம் லாட்ஜ், ஹைகிரவுண்டு பக்கம் ஆஸ்பத்திரி என்பதால் ஒரு நாளைக்கு நான்கு முறை அந்தப் பாலத்தைத் தாண்டுவார். பத்து வருடத்தில் ஒருமுறைகூட நின்று ஆற்றை எட்டிப் பார்த்ததில்லை.

நாலாவது படிக்கும் மகள் ஒருநாள் கேட்டாள். "அப்பா, திருநெல்வேலில என்னப்பா இருக்கு?"

"அல்வா இருக்கு."

"அப்புறம்?"

அப்புறம் என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மாதம் மூன்று நாள், பத்து வருடம் என்றால் முந்நூற்று அறுபது நாள். கிட்டத்தட்ட ஒரு முழு வருடத்தை அந்த ஊரில் கழித்திருக்கிறார்! சொல்வதற்கு அல்வா மட்டும்தான் இருந்தது.

குற்றாலம் ஏன் சரிப்படவில்லை?

நெல்லை என்றதும் எல்லோருக்கும் வருவது குற்றாலம்தானே? அவரும் அங்கேதான் முதலில் கிளம்பினார். ஜூலை மாதம், சீசன் நேரம். காலையில் மூன்று டாக்டர்களை முடித்துக்கொண்டு தென்காசி பஸ் பிடித்தார். நெல்லையில் இருந்து தென்காசிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து இன்னொரு பஸ். இறங்கும்போது மணி இரண்டாகப் போகிறது. சாரல் முகத்தில் அடித்தது, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. குற்றாலம் போனவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். போலீஸ் யாரையும் பக்கத்தில் விடாது. ஐந்தருவியிலும் குளிக்கத் தடை. நேந்திரங்காய் சிப்ஸ் கால் கிலோ வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார். ஆறரை மணி டாக்டரை ஏழேகாலுக்குத்தான் பார்க்க முடிந்தது. அத்தனை மணி நேரத்தில் அருவியைப் பார்த்தது இருபது நிமிடம்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நேரம் கம்மியாக இருக்கிறவர் தடையை மதிப்பது கஷ்டம். "இவ்வளவு தூரம் வந்துட்டோம், ரெண்டு நிமிஷம் தலையை நனைச்சுட்டுப் போயிடலாம்" என்றுதான் மனசு சொல்லும். அருவிக்கு நம் அவசரம் தெரியாது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தபோதே மலைமேல் பெய்த மழையால் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். கீழே இருக்கிறவர்களுக்கு மேலே மழை பெய்வது தெரிவதில்லை. உள்ளூர்க்காரர்கள் தண்ணீரின் நிறம் மாறுவதை, சருகும் குச்சியும் வருவதைப் பார்த்தே விலகிவிடுவார்கள். வாட்சைப் பார்த்துக்கொண்டு குளிக்கிற வெளியூர்க்காரருக்கு அதெல்லாம் கண்ணில் படாது. அதனால் அரை நாள் கிடைத்தவர்கள் சீசன் அருவிக்கு ஓடுவதைவிட, அதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக் குடும்பத்தோடு வைத்துக்கொள்வது நல்லது.

மாஞ்சோலை போகலாமே என்று சிலர் சொல்வார்கள். அழகான இடம்தான். ஆனால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் வழியாகத்தான் மேலே ஏற வேண்டும். சொந்த வண்டியில் போக வனத்துறை அனுமதி வேண்டும். வேலைக்கு நடுவில் அது நடக்கிற காரியமில்லை.

மருந்துக்கடை அண்ணாச்சி சொன்ன வழி

ஜனவரி மாதம். பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தபோது குற்றாலம் போய் ஏமாந்த கதையைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறார். கடைக்கார அண்ணாச்சி சிரித்தார்.

"குத்தாலத்துக்கு எதுக்கு சார் ஓடுதீய? கூந்தன்கொளத்துக்குப் போங்க. கொளத்துல தண்ணி கெடக்கு. பறவ நெறய வந்திருக்காம். ஆனா வெள்ளனப் போகணும்."

கூந்தன்குளம் என்ற பெயரையே அவர் அன்றுதான் கேட்டார். நாங்குநேரி வட்டத்தில், மூலைக்கரைப்பட்டி பக்கம், நெல்லையில் இருந்து சுமார் 35 கிலோமீட்டர். கூந்தன்குளம், காடன்குளம் என்று இரண்டு பாசனக் குளங்களும் அவற்றை ஒட்டிய கிராமமும். 1994-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 129 ஹெக்டேர்தான். 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் தமிழ்நாட்டில் இருந்து சேர்க்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட இடங்களில் இதுவும் ஒன்று. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்குக் கொடுக்கிற அந்தஸ்து அது. நாற்பது கிலோமீட்டருக்குள் இப்படி ஓர் இடம் இருக்கிறது, பத்து வருடமாக யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை.

ஸ்டாக்கிஸ்ட் கடைப் பையனின் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியை, பெட்ரோல் நிரப்பித் தருகிறேன் என்ற ஒப்பந்தத்தில், முதல் நாள் ராத்திரியே வாங்கி லாட்ஜ் வாசலில் நிறுத்திக்கொண்டார். காலை ஐந்து இருபதுக்குக் கிளம்பினார். ஆறு இருபதுக்கு ஊருக்குள் நுழைந்தார். வெளிச்சம் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

அந்த ஊரில் விசேஷம் என்னவென்றால், பறவைகள் குளத்தில் மட்டும் இல்லை. தெருவிலேயே இருக்கின்றன. வீட்டுக் கொல்லை வேப்பமரத்தில், தெருமுனைக் கருவேல மரத்தில் என்று மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டியிருக்கின்றன. கீழே ஓர் அம்மா வாசல் தெளித்துக்கொண்டிருக்கிறார். தலைக்கு மேலே ஒரு மீட்டர் உயரப் பறவை நின்றுகொண்டு அலகைத் தட்டுகிறது. எச்சம் விழும், நாற்றம் அடிக்கும். ஊர்க்காரர்கள் விரட்டுவதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாகப் போடுகிறவர்கள் அவர்கள். பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் அது.

குளத்தங்கரையில் பார்வைக் கோபுரம் ஒன்று இருக்கிறது. அதில் ஏறி நின்றபோது கிழக்கே சிவப்பு. மேற்கே தொலைவில் மலைத்தொடர் நீலமாக. கொஞ்ச நேரத்தில் வயல்வெளிப் பக்கம் இருந்து 'ஆங் ஆங்' என்று ஒரு சத்தம். கூட்டம் கூட்டமாக வாத்துகள் வந்து தண்ணீரில் இறங்கின. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, தலையின் பின்பக்கம் இரண்டு கறுப்புப் பட்டை. வரித்தலை வாத்து!

இந்த வாத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். மங்கோலியா, திபெத், லடாக் பக்கத்து ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் காலத்துக்கு இமயமலையைத் தாண்டி இந்தியாவுக்கு வருகிறது. அதன் உடம்பில் கருவி பொருத்திக் கண்காணித்த விஞ்ஞானிகள், 7,000 மீட்டருக்கும் மேலே அது பறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் காற்றில் பிராணவாயு கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிகூடக் கிடைக்காது. அதன் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் மற்ற வாத்துகளைவிட நன்றாகப் பிராணவாயுவைப் பிடித்துக்கொள்ளும். மலையைப் பெரும்பாலும் ராத்திரியிலும் அதிகாலையிலும்தான் கடக்கிறது. அப்போது காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும், சிறகடிப்பது சுலபம். அங்கே இருந்து பறந்து தெற்கே இந்த நாங்குநேரி வட்டாரம் வரைக்கும் வந்து சேர்கிறது. ராத்திரி வயல்களில் மேய்ந்துவிட்டு விடியும்போது குளத்துக்குத் திரும்பி ஓய்வெடுக்கும். வெள்ளனப் போகணும் என்று அண்ணாச்சி சொன்னதன் காரணம் இதுதான்.

டூர் போவதில் ரெப்புகளை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, அன்றைக்கு அந்த எண்ணம் போய்விட்டது!

எட்டேகால் வரைக்கும் அங்கே இருந்தார். ஒன்பதேகாலுக்கு லாட்ஜ். குளித்து, இட்லி சாப்பிட்டு, பத்தரைக்கு முதல் டாக்டர் வாசலில். அன்றைய ரிப்போர்ட்டில் ஒரு டாக்டர்கூடக் குறையவில்லை. அந்த மாதம் ஊருக்குப் போனபோது மகளிடம் சொல்ல ஒரு மணி நேரத்துக்கு விஷயம் இருந்தது.

அனுபவத்தில் வந்த கணக்கு

அதற்குப் பிறகு தூத்துக்குடி, நாகர்கோவில் என்று எந்த ஊருக்கு அனுப்பினாலும் சில விதிகளை வைத்துக்கொண்டிருக்கிறார். எல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டவை. ரெப் வேலைக்கு மட்டுமல்ல, எந்த வேலையாகப் போனாலும் பொருந்தும்.

முதல் விதி: போகிற நேரத்தையும் வருகிற நேரத்தையும் கூட்டினால், அது அங்கே இருக்கிற நேரத்தைத் தாண்டக் கூடாது. கூந்தன்குளத்துக்கு இரண்டு மணி நேரப் பயணம், இரண்டு மணி நேரம் பார்ப்பது. சரியாக வந்தது. குற்றாலத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் போயிருக்கவே மாட்டார். ஒரு மணி நேரம்தான் இருக்கிறதா? கவலையில்லை, இடத்தை இன்னும் கிட்டத்தில் பாருங்கள். நெல்லையிலேயே குறுக்குத்துறையில் ஆற்றுக்குள் முருகன் கோயில் இருக்கிறது. படித்துறையில் உட்கார்ந்து தாமிரபரணியைப் பார்த்துவிட்டு வர ஒரு மணி நேரம் தாராளம்.

இரண்டாவது: வேலைக்கு முன்னால் போக வேண்டும், வேலைக்குப் பின்னால் என்று வைக்கக் கூடாது. சாயங்காலத்தை ஆபீஸ் தின்றுவிடும். மீட்டிங் நீளும், டாக்டர் லேட்டாக வருவார், மேனேஜர் போன் பண்ணுவார். காலை ஐந்து மணிக்கு யாரும் போன் பண்ண மாட்டார்கள். பறவைக்கும் மிருகத்துக்கும் அதுதான் நேரம்.

மூன்றாவது: முதல் நாள் சாயங்காலமே உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிட வேண்டும். இணையத்தில் தேடினால் படம் கிடைக்கும். குளத்தில் இந்த வருடம் தண்ணீர் இருக்கிறதா என்பது டீக்கடையில்தான் தெரியும். மழை ஏமாற்றிய வருடங்களில் கூந்தன்குளத்தில் தண்ணீரும் இருக்காது, பறவையும் வராது.

நான்காவது: தெரியாத தண்ணீரில் தனியாக இறங்கக் கூடாது. ஆற்றில் மணல் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. லாட்ஜில் தங்கியிருக்கிறவரை யாரும் தேடக்கூட மாட்டார்கள். எங்கே போகிறோம் என்று வீட்டுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டுப் போவது நல்லது.

ஆபீஸ் நேரமா, சொந்த நேரமா?

இதெல்லாம் ஆபீஸை ஏமாற்றுகிற வேலை இல்லையா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பார்க்காத டாக்டரைப் பார்த்ததாக எழுதிவிட்டு அருவிக்குப் போனால் அது ஏமாற்றுதான். அப்படிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களால் அருவியையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது, போன் அடிக்கும்போதெல்லாம் திடுக்கிடும். விடியற்காலை ஐந்தில் இருந்து ஒன்பது வரை யாருடைய நேரம்? லாட்ஜில் படுத்துத் தூங்கினால் அது சொந்த நேரம் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். எழுந்து குளத்தங்கரைக்குப் போனால் மட்டும் அது எப்படிக் கம்பெனி நேரம் ஆகும்?

உத்தியோகப் பயணத்தில் பறவை பார்ப்பது ஒன்றும் புதுசு இல்லை. 1885-ல் காங்கிரஸ் தொடங்கக் காரணமாக இருந்தவர் என்று பாடப்புத்தகத்தில் நாம் படித்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம், அதற்கு முன்பு வட இந்தியாவில் உள்நாட்டுச் சுங்க ஆணையராக இருந்தவர். உப்பு வரி வசூலுக்காகப் போடப்பட்ட நீண்ட சுங்க வேலியை மேற்பார்வை பார்க்க ஊர் ஊராகப் போக வேண்டிய வேலை. போகிற வழியெல்லாம் பறவைகளைச் சேகரித்தார், குறிப்பு எழுதினார். 1872-ல் இந்தியப் பறவைகளுக்கென்றே ஓர் ஆங்கில இதழைத் தொடங்கினார். உப்பு வரி போய்விட்டது, வேலி போய்விட்டது. அவர் எழுதிவைத்த பறவைக் குறிப்புகளை இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

போன வருடம் பிப்ரவரியில் ரெப்பின் மேனேஜர் நெல்லைக்கு ஜாயின்ட் ஒர்க் வந்தார். மேனேஜரும் ரெப்பும் சேர்ந்து டாக்டர்களைப் பார்ப்பதற்கு அப்படிப் பெயர். ரிட்டயர் ஆக இன்னும் ஐந்து மாதம் இருந்தது அவருக்கு. முதல் நாள் ராத்திரி சாப்பிடும்போது ரெப் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். "சார், காலைல ஒரு எடத்துக்குப் போறேன். ஒம்பதரைக்குள்ள வந்துருவேன்."

"எங்கப்பா?"

சொன்னார். திட்டு விழும் என்று எதிர்பார்த்தார். மேனேஜர் கையைக் கழுவிக்கொண்டே, "வண்டில ரெண்டு பேர் போலாமா?" என்று கேட்டார்.

ஐந்து இருபதுக்கு இரண்டு பேரும் எக்ஸ்எல்லில் கிளம்பினார்கள். போகிற வழியெல்லாம் மேனேஜர் அந்தக் காலாண்டு டார்கெட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். கோபுரத்தில் ஏறிய பிறகும் கொஞ்ச நேரம் பேசினார். வாத்துக் கூட்டம் இறங்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டார். கரண்டிவாயன் எது, கூழைக்கடா எது என்று கேட்டுக்கொண்டார். திரும்பும்போது மூலைக்கரைப்பட்டியில் டீ குடிக்க நிறுத்தினார்கள்.

"இருபத்தி ரெண்டு வருஷமா இந்த ஊருக்கு வர்றேன்ப்பா" என்றார் மேனேஜர். "யாருமே சொல்லல."

டீக்குக் காசு அவர்தான் கொடுத்தார். பிறகு வண்டியில் ஏறும்வரை எதுவும் பேசவில்லை.

உங்களுக்கும் வரும்

கல்லூரி முடிந்து வேலைக்குச் சேரப்போகிறவர்கள் கவனியுங்கள். சர்வீஸ் இன்ஜினியர், ஆடிட்டர் ஆபீஸ், சாப்ட்வேர், பேங்க் என்று எந்த வேலையாக இருந்தாலும் ஒருநாள் வெளியூருக்கு அனுப்பத்தான் போகிறார்கள். போகிற ஊரில் என்ன இருக்கிறது என்று டிக்கெட் போடும்போதே ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். ஈரோட்டுக்கு அனுப்பினால் பக்கத்திலேயே வெள்ளோடு பறவைகள் சரணாலயம். நாகர்கோவில் என்றால் வேம்பனூர்க் குளம். கோவை என்றால் ஊருக்கு நடுவிலேயே உக்கடம் பெரியகுளம். சென்னை என்றால் ஐடி கம்பெனிகளுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். பெங்களூரில் மீட்டிங் என்றால் லால்பாக்கில் சுமார் 300 கோடி வருடப் பழமையான பாறை மேல் ஏறி நிற்கலாம், நுழைவாயிலில் இருந்து நடக்கிற தூரம்தான். மும்பையில் போரிவலி பக்கம் தங்கினால், சிறுத்தைகள் வாழ்கிற தேசியப் பூங்கா ஊருக்குள்ளேயே இருக்கிறது.

குளத்துக்குப் போனால் கண்ணைப் பறிக்கும் கலர் சட்டை போடாதீர்கள், போட்டோவுக்காகப் பறவையை விரட்டாதீர்கள், பாட்டுப் போடாதீர்கள். செலவு என்று பார்த்தால் அலாரமும் ஒரு லிட்டர் பெட்ரோலும் போதும். கூந்தன்குளம் போக நினைப்பவர்களுக்கு ஜனவரியும் பிப்ரவரியும் நல்ல மாதங்கள். அதற்கு முன்னால் யாராவது ஓர் அண்ணாச்சியிடம் தண்ணீர் கிடக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.